கதவுக்கு ஒரு மார்க்கீசு, பூட்டுக்கு ஒரு மார்க்கீசு

கருணைக்கென்றே அவதரித்த அரச வம்சம் ஒன்று இத்தாலிய மலைகளில் உண்டென்றால், அது மோந்தெஸ்பீனோவின் மார்க்கீசு வம்சம்தான். சந்தேகப்படுகிறவர்கள் கோட்டைவாசலுக்கு வெளியே நிற்கும் தூக்குமரத்தைப் போய்ப் பார்க்கலாம். அதை நட்டு மூன்று தலைமுறை ஆகிறது. இன்றுவரை அதில் ஒரு கழுத்துகூட மாட்டியதில்லை. மற்ற ஊர்களில் சந்தை கூடினால் ஒருவன் தொங்குகிறான், திருவிழா வந்தால் இரண்டு பேர் தொங்குகிறார்கள். மோந்தெஸ்பீனோவின் தூக்குமரத்திலோ காக்கை கூடு கட்டி, குஞ்சு பொரித்து, பேரன் பேத்தி எடுத்துவிட்டது. இப்பேர்ப்பட்ட 'தர்ம பூமி'யில் பிறந்து, அதன் தண்ணீரைக் குடித்து வளர்ந்த அலாசியா என்கிற ஒரு பெண், தன் பிரபுக்களைப் பார்த்துக் கேட்கக்கூடாத கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டாள். அந்த நன்றிகெட்ட கதைதான் இது.

முதலில் வம்சப் பெருமை. அதைச் சொல்லாமல் மோந்தெஸ்பீனோவில் ஒரு கழுதையைக்கூட விற்க முடியாது. ஆதி மார்க்கீசு அர்தீசோனே, போர்க்களத்தில் சக்கரவர்த்தியின் காலணி சேற்றில் சிக்கியபோது அதைப் பிடுங்கிக் கொடுத்த மாவீரர். மகிழ்ந்துபோன சக்கரவர்த்தி, "உன் வாகனம் நிற்காமல் எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அவ்வளவும் உனக்கு" என்றார். மற்ற வீரர்களிடம் குதிரை இருந்தது. அர்தீசோனேயிடம் ஒரு கோவேறு கழுதை இருந்தது. அது ஒரு குன்று ஏறி, மறுபக்கம் இறங்கி, ஆற்றங்கரை முட்புதரைக் கண்டதும் நின்று மேய ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கு அது நின்ற இடம்தான் இன்றைக்கும் நாட்டின் எல்லை. வம்சத்தின் கொடியில் சிங்கம் இருக்கிறது. கழுதையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் அந்தக் கழுதையைப்போல் நிற்கத் தெரியாததுதான் வம்சத்தின் தனிச்சிறப்பு. மூத்தவனுக்கே எல்லாம் என்று பிரெஞ்சுக்காரன் வைத்திருக்கும் அநியாயச் சட்டம் இங்கே கிடையாது. பழைய லொம்பார்து முறைப்படி எல்லா மகனுக்கும் சமபங்கு. நிலத்தைத் துண்டு போடலாம், பட்டத்தைத் துண்டு போட முடியுமா? ஆகவே பங்கு சுருங்கினாலும் ஒவ்வொருவனும் முழு மார்க்கீசு. ஆறு தலைமுறையில் நாட்டில் உழவு மாட்டைவிட மார்க்கீசுகள் அதிகமாகிவிட்டார்கள். தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன் என்பார்கள். இங்கே தடியைக்கூட எடுக்க வேண்டியதில்லை, பிறந்தால் போதும்.

கிணறு ஒருவருக்கு, கிணற்றுக் கயிறு இன்னொருவருக்கு. வாதுமை மரம் அண்ணனுக்கு, அதன் நிழல் தம்பிக்கு. தம்பி மத்தியானத்தில் வந்து தன் சொத்தில் படுத்துக்கொள்வார், அண்ணன் மேலே ஏறித் தன் சொத்தை உலுக்குவார். பங்காளிக் காய்ச்சல் என்பது இங்கே வியாதியே இல்லை. அதுதான் அரசியல் சாசனம்.

இத்தனை மார்க்கீசுகளில் நமக்கு வேண்டியவர்கள் மூன்று பேர். சிறைக் கதவுக்குச் சொந்தக்காரர் கிழட்டு மார்க்கீசு ரைனேரியோ. அந்தக் கதவின் பூட்டுக்குச் சொந்தக்காரர் அவருடைய பங்காளி மார்க்கீசு லன்பிராங்கோ. மூன்றாமவர் மார்க்கீசு தெபால்தோ. அவருக்குச் சிறைக் கோபுரத்தின் கூரையும் ஆற்றுப்பாலத்தின் நடு வளைவும் சேர்ந்திருந்தன. பாலத்தில் கோட்டைப்பக்க வளைவு லன்பிராங்கோவுக்கு. அக்கரை வளைவு ரைனேரியோவுக்கு. பாலத்தில் நடக்கிற எவனும் ஒவ்வொரு மார்க்கீசின் கல்லை மிதிக்கும்போதும் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ராஜதுரோகம். அதற்குத் தண்டனை தூக்கு. தூக்குமரமும் பங்கு போட்டதுதான். இடது கம்பம் ரைனேரியோ, வலது கம்பம் லன்பிராங்கோ, குறுக்குவிட்டம் தெபால்தோ.

அலாசியாவின் புருஷன் மொரெல்லோ திராட்சைத் தோட்டக் கூலி. முதுகில் கூடை, வாயில் கேலி, இரண்டும் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. "கோயில் மணி அடிச்சா ஒண்ணு ஆலங்கட்டி மழை, இல்லாட்டி புதுசா ஒரு மார்க்கீசு. மழைன்னா ஒரு வருசத்து விளைச்சலோட போயிடும்" என்பான். அலாசியா அவன் வாயைப் பொத்துவாள். பொத்திக்கொண்டே சிரிப்பாள்.

திராட்சை அறுவடை நாளன்று விடிகாலையில் மணி அடித்தது. ஆலங்கட்டி விழவில்லை. மார்க்கீசு தெபால்தோவுக்கு ஆண் குழந்தை. இஸ்னார்தோ என்று பெயர். பிறந்த கையோடு தெபால்தோ தன் நடு வளைவின் உச்சிக்கல்லைக் குழந்தையின் பங்காக எழுதிவைத்து, பால் கொடுக்கும் தாதியையும் குழந்தையையும் அந்தக் கல்லின்மேல் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். சொத்தை அனுபவிக்க ஆரம்பிக்க வேண்டுமல்லவா? பிறந்து அரை நாள் ஆகாத அரசர் தம் ராஜ்ஜியத்தில் ஈரத் துணியோடு வீற்றிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மொரெல்லோ கூடை நிறையத் திராட்சையோடு பாலத்தில் வந்தான். பின்னால் அலாசியா. லன்பிராங்கோவின் கல்லில் தொப்பியைக் கழற்றினான், போட்டான். தெபால்தோவின் கல்லில் கழற்றினான். கூடையின் வார் தோளை அறுத்ததால் தொப்பியைத் திரும்பப் போடாமல் பல்லில் கடித்துக்கொண்டு உச்சிக்கல்லைத் தாண்டினான்.

"டேய், நில்லு!" என்று தெபால்தோ கத்தினார். "என் மகனுக்குத் தொப்பியக் கழட்டினியா?"

மொரெல்லோ வாயிலிருந்து தொப்பியை எடுத்தான். "கழட்டித்தானே எசமான் இருக்கு?"

"அது எனக்குக் கழட்டினது. மார்க்கீசு இஸ்னார்தோவுக்கு எங்கடா?"

"தலையில இல்லாத தொப்பிய எப்படி எசமான் கழட்டுறது?"

"போட்டுட்டுக் கழட்டணும்!"

மொரெல்லோவுக்கு அங்கே வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. குழந்தையை எட்டிப் பார்த்து, "பிரபு ரொம்பக் கோவமா இருக்காரா? மூத்திரம் போற மாதிரி இருக்கே" என்றான். தாதி சிரித்துவிட்டாள். அலாசியா பின்னாலிருந்து அவன் கூடையைப் பிடித்து இழுத்தாள். பொழுது சாய்வதற்குள் மொரெல்லோ கோபுரத்தின் அடியில் இருக்கும் குழியில் இருந்தான்.

விசாரணை கோயிலில் நடந்தது. அரண்மனைக் கூடத்தின் நாலு சுவரும் நாலு பேருக்குச் சொந்தம் என்பதால் அங்கே கூட்டம் போட வழியில்லை. நோட்டரி காந்தோல்போ எழுந்து, "கனம் பொருந்திய மார்க்கீசு அவர்களே" என்று ஒவ்வொருவராக விளித்து முடிப்பதற்குள் மெழுகுவத்தி பாதி கரைந்துவிட்டது. யார் முதலில் உட்காருவது என்று முடிவாகாததால் எல்லோரும் நின்றார்கள். அலாசியா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குற்றம் நிரூபணமாவதில் தகராறே இல்லை. மார்க்கீசுகள் எதிலாவது ஒன்றுபட வேண்டுமென்றால் குடியானவன் குற்றவாளியாக இருக்க வேண்டும். தூக்கு என்றும் உடனே முடிவானது. அதற்கப்புறம்தான் பிரச்சினை.

"ஆணை என் பேருல வரணும்" என்றார் ரைனேரியோ. "மரமே என் கம்பத்துலதான் ஆரம்பிக்குது."

"கோட்டையிலேருந்து பாத்தா அப்படி" என்றார் லன்பிராங்கோ. "ஆத்துப்பக்கத்துலேருந்து பாத்தா என் கம்பம்தான் முதல்ல."

"ஆத்துக்குள்ள நின்னா பாப்பாங்க?"

"நீங்க ரெண்டு பேரும் கம்பத்த வச்சுக்கிட்டுப் பந்தல் போடுங்க" என்றார் தெபால்தோ. "மனுசன் தொங்குறது என் விட்டத்துல. துரோகமும் என் மகனுக்குத்தான் நடந்திருக்கு. உங்களுக்கு இதுல என்ன சோலி?"

மற்ற மார்க்கீசுகளும் சேர்ந்துகொண்டார்கள். கயிறு ஒருவருடையது. ஏணி ஒருவருடையது. மரத்தடிப் புல் தம்முடையது, அதை மிதிக்காமல் தூக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒருவர் பெருந்தன்மையாகச் சொன்னார்.

அலாசியாவால் பொறுக்க முடியவில்லை. "எசமான்மாரே, யாரு போடுறதுன்னே தெரியலன்னா, ஆள விட்டுடலாமே?"

நோட்டரி மூக்கைச் சொறிந்தார். "அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விடுவதென்றால், யார் விடுவது?"

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். கடைசியில் தீர்ப்பு தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. மோந்தெஸ்பீனோவில் கருணை இப்படித்தான் பிறக்கும். பிறந்து, குழியை எட்டிப் பார்க்காமல், சாப்பிட வீட்டுக்குப் போய்விடும்.

இந்தக் கருணையைப் பற்றி அலாசியாவுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அவளுடைய தம்பி குவாரினோவும் இரண்டு குளிர்காலத்துக்கு முன் இதே குழிக்குப் போனவன்தான். ஆலை வாசலில் ரைனேரியோவும் லன்பிராங்கோவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது, "வணக்கம் எசமான்" என்று ஒரே ஒரு வணக்கம் சொல்லிவிட்டான். அது யாருக்குச் சொன்னது? வாங்கிக்கொண்டவர் ஒருவர் என்றால், அவமானப்பட்டவர் இன்னொருவர். தம்பியைக் கேட்டதற்கு, "ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி" என்றிருக்கிறான். விசாரணை வசந்தகாலம்வரை நடந்தது. பிறகு ஒருநாள் நோட்டரி வந்து, "மார்க்கீசுகளின் கருணையால் கைதி நீங்கிவிட்டான். வழக்கு முடிந்தது" என்று அறிவித்தார். எங்கே போனான் என்றதற்கு, "ஜெனோவா பக்கம் போயிருப்பான். இளவட்டங்கள் எல்லாம் கப்பலைத்தானே பார்க்கிறார்கள்" என்றார். அன்றிலிருந்து உப்பு மூட்டையோடு மலை ஏறி வரும் ஜெனோவா வியாபாரிகளிடமெல்லாம் அலாசியா விசாரித்துக்கொண்டிருந்தாள். ஒல்லியாக, சீட்டி அடித்துக்கொண்டே நடக்கிற பையன், இடுப்பில் காட்டுப்பன்றிப் பல் வைத்த வார், பார்த்தீர்களா என்று. ஒருவனும் பார்க்கவில்லை. திமிர் பிடித்தவன், அக்காவை மறந்துவிட்டான் என்று திட்டிக்கொண்டே அவனுக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னி வைத்திருந்தாள்.

இப்போது புருஷனுக்காக வீடு வீடாக ஏறினாள். ரைனேரியோ, "மன்னிக்க எனக்கு மனசு இருக்கு. முதல்ல மன்னிக்கிற உரிமை எனக்குத்தான்னு லன்பிராங்கோ ஒத்துக்கட்டும்" என்றார். லன்பிராங்கோ, "அவன் மன்னிச்சா நான் மன்னிக்க மாட்டேன். அவன் மன்னிக்கலன்னா யோசிக்கலாம்" என்றார். தெபால்தோ குழந்தையைத் தூக்கிக் காட்டி, "பாதிக்கப்பட்டவரு இவருதான். இவரு வாயால ஒரு வார்த்த சொல்லட்டும், விட்டுடுறேன்" என்றார். பாதிக்கப்பட்டவர் அவர் தோளில் பாலைக் கக்கினார்.

குளிர் இறங்கியது. கோபுரத்தின் அடிச்சுவரில் ஒரு காற்றுத் துவாரம் இருந்தது. தம்பி உள்ளே கிடந்த குளிர்காலத்தில் பனி மூடியிருந்ததால் அது அவள் கண்ணில் படவே இல்லை. அலாசியா தினமும் சாயங்காலம் அதன் வழியாகக் கஷ்கொட்டை மாவு ரொட்டியைக் கயிற்றில் கட்டி இறக்குவாள். கீழேயிருந்து கேலி வந்துகொண்டிருந்தது. பிறகு கேலியும் இருமலும் வந்தன. பிறகு இருமல் மட்டும் வந்தது. சான் மார்த்தீனோ திருநாளுக்கு முந்தின சாயங்காலம் மொரெல்லோவின் குரல் வேறு மாதிரி இருந்தது.

"அலாசியா, கத்தாம கேளு. இங்க எனக்கு முன்னாலயே ஒருத்தன் இருக்கான்."

"யாருய்யா?"

"பேச மாட்டான். ரொம்ப நாளாச்சு. வைக்கோலத் தள்ளிப் படுக்கலாம்னு மூலைக்குப் போனேன். கையில எலும்பு தட்டுச்சு. ஒருத்தன்து இல்ல, நிறைய இருக்கு. ஆனா ஒருத்தன் இடுப்புல வாரு இன்னும் இருக்கு. தடவிப் பாத்தேன்டி." அவன் இருமி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். "பன்னிப் பல்லு வச்சது."

அந்தப் பல்லைத் துளை போட்டுக் கோத்துக் கொடுத்தவள் அவள்தான். அலாசியா துவாரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். ஐயோ என் ராசா, உன்னைத் திமிர் பிடித்தவன் என்று திட்டினேனே என்று வாய்விட்டு அழுதாள். எவ்வளவு நேரம் அழுதாளோ தெரியாது. கீழேயிருந்து மொரெல்லோ அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசியில் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"யோவ், ரொட்டிய முழுசாத் தின்னு. நாளைக்கு நீ ஏணி ஏறணும்."

"பைத்தியமாடி உனக்கு? கதவு பூட்டியிருக்கு."

"இருக்கட்டும். கதவு ஒரு நாயோடது, பூட்டு இன்னொரு நாயோடது. இத்தன நாளா அவங்ககிட்ட இல்லாத கருணையக் கேட்டுக்கிட்டுக் கிடந்தேன். இருக்கிறதக் கேட்டுப் பாக்குறேன்."

மறுநாள் காலையில் அவள் ரைனேரியோவின் வீட்டு வாசலில் நின்றாள். கூரையில் பாதி தம்பி மகனுக்குச் சொந்தம் என்பதால் அந்தப் பாதி ஒழுகியது. ஒழுகாத பாதியில் உட்கார்ந்து மார்க்கீசு கஷ்கொட்டைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"யாரு, தொப்பிக்காரன் பொண்டாட்டியா? இன்னிக்கு மன்னிப்பு கிடையாது, போ."

"மன்னிப்பு கேக்க வரல எசமான். துக்கம் விசாரிச்சுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"என்ன துக்கம்?"

"உங்க கதவு கைய விட்டுப் போயிடுச்சாமே."

கஞ்சிக் கிண்ணம் கீழே இறங்கியது. "என்ன உளறுற?"

"நான் உளறல எசமான். லன்பிராங்கோ பிரபு வீட்டுச் சமையக்காரி கிணத்தடியில சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. பூட்டுக்காரன் திறன்னா திறக்குது, சாத்துன்னா சாத்துது, அப்ப அந்தக் கதவு யாருக்கு அடங்கினதுன்னு கேக்குறா. உங்க பூட்டனாரு பூட்டுக்குப் பலகை செஞ்சு குடுத்த ஆசாரியாம்."

"ஆசாரியா! எங்க பூட்டன் ஆசாரியா!" ரைனேரியோ எழுந்த வேகத்தில் முக்காலி உருண்டது. "அவன் தன் கையால வெட்டின ஓக் மரம்டி அது!"

"அதையேதான் நானும் சொன்னேன். எங்க எசமான் நினைச்சா இன்னிக்கே தன் கதவக் கழட்டி வீட்டுக்குக் கொண்டு போவாரு, கேக்க எவன் இருக்கான்னேன். அதுக்கு அவ சொல்றா..." அலாசியா நிறுத்திக்கொண்டாள். "வேண்டாம் எசமான். என் வாயால எதுக்கு?"

"சொல்லு!"

"கிழவனுக்கு அவ்வளவு முதுகெலும்பு இருந்தா அவன் பாதிக் கூரையில ஏன் உக்காந்திருக்கான்னு சொன்னா."

பாவம், அந்தச் சமையல்காரி ஊரிலேயே இல்லை. அக்கரையில் தன் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். ஆனால் மார்க்கீசு வம்சத்தில் எவனும் கோபப்படுவதற்கு முன்னால் விசாரித்ததாகச் சரித்திரம் இல்லை.

அன்று சான் மார்த்தீனோ. வருஷக் குத்தகை முடிந்து குடியானவர்கள் வீடு மாறும் நாள். தெருவெல்லாம் கட்டிலும் பீப்பாயும் கோழிக்கூண்டும் வண்டியில் போய்க்கொண்டிருந்தன. நடுவில் நாலு வேலைக்காரர்கள் சிறைக் கதவைச் சுமந்து போனதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. கீல்கள் கழன்றதும் கதவு பூட்டோடு சேர்ந்தே பெயர்ந்து வந்துவிட்டது. முன்னால் ரைனேரியோ வாளை ஏந்தி, ஒரு நாட்டை வென்றவர்போல் நடந்தார். பின்னால் சிறைக் காவலன் தோனோ ஈட்டியோடு நடந்தான்.

"நீ எங்க போற தோனோ?" என்றாள் அலாசியா.

"கதவு போகுதே."

"கைதி உள்ளல்ல இருக்கான்?"

தோனோ அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "எனக்கு இட்ட ஆணை கதவக் காக்கணும்னு. கைதியக் காக்கணும்னு இதுவரைக்கும் எந்த மார்க்கீசும் சொன்னதில்ல" என்று சொல்லிவிட்டு எட்டி நடை போட்டான். உத்தியோகத்தில் தோனோ மிகவும் கண்டிப்பானவன்.

சந்தைத் திடலில் லன்பிராங்கோ ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டார். "திருடன்! என் பூட்டத் தூக்கிட்டுப் போறான்!"

"உன் பூட்டு ரெண்டு தலைமுறையா என் கதவுல ஓசியில குடியிருக்கு. இன்னிக்குச் சான் மார்த்தீனோ. காலி பண்ணு!"

இரண்டு வீட்டு ஆட்களும் கூடினார்கள். தெபால்தோ நியாயம் சொல்ல வந்து கன்னத்தில் ஒன்று வாங்கிக்கொண்டு நியாயத்தைக் கைவிட்டார். மற்ற மார்க்கீசுகளும் வந்து கலந்தார்கள். திடலுக்குக் குறுக்கே ஒரு செருப்பு பறந்தது. அது எந்தக் கிளையைச் சேர்ந்தது என்று இன்னொரு சண்டை ஆரம்பித்தது.

அலாசியா கோபுரத்துக்குள் போனாள். குழிக்குள் ஏணியை இறக்கினாள். மொரெல்லோ பாதி ஏறி நின்றுவிட்டான். அவள் இறங்கி அவனைத் தோளால் முட்டுக் கொடுத்து ஏற்றினாள். முகம் சுருங்கி, தாடி அப்பிப்போய், யாரோ வயசாளிபோல் இருந்தான். வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அவன விட்டுட்டா போறது?" என்றான். அவள் மறுபடி இறங்கினாள். தம்பியை எடுத்துக்கொண்டாள். அவன் பக்கத்தில் கிடந்தவர்களையும், யார் பெற்ற பிள்ளைகளோ, விட மனசில்லாமல் எடுத்துக்கொண்டாள். எல்லாம் ஒரு திராட்சைக் கூடைக்குள் அடங்கிவிட்டது. கையோடு கொண்டுவந்திருந்த கம்பளிச் சட்டையை மேலே போட்டு மூடினாள்.

திடலில் இதற்குள் தெபால்தோவுக்கு ஒரு யோசனை உதித்தது. அடிபட்ட கன்னத்தைப் பிடித்துக்கொண்டே, "ஏய், கதவு இங்க இருக்கே. அங்க என்ன இருக்கு?" என்றார். ஆறு தலைமுறையில் அந்த வம்சம் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அதுதான். எல்லோரும் ஓடினார்கள். கோபுரம் காலி. பாலத்தின்மேல் இரண்டு பேர் மெல்ல நடந்துகொண்டிருந்தார்கள்.

மெல்லத்தான் நடக்க முடிந்தது. மொரெல்லோவுக்குக் கால் பின்னியது. கூடை அவள் முதுகில். மார்க்கீசுகள் கூச்சலோடு பாலத்தின் தலைமாட்டுக்கு வந்துவிட்டார்கள்.

வந்தவர்கள் நின்றார்கள்.

முதல் வளைவு லன்பிராங்கோவுடையது. அதில் காலை வைத்தால் ரைனேரியோ தொப்பியைக் கழற்ற வேண்டும்.

"போ, பிடி!" என்றார் லன்பிராங்கோ. "தொப்பியக் கழட்டிட்டுப் போ."

"உனக்கா? என் பொணத்துத் தலையிலேருந்துகூட அது கழலாது. நீயே போ, உன் கல்லுதானே?"

லன்பிராங்கோ தம் வளைவின் கடைசிக் கல்வரை வீராவேசமாக ஓடினார். அடுத்த கல் தெபால்தோவுடையது. அதற்கடுத்து இஸ்னார்தோவுடையது. இன்னும் பல் முளைக்காத அந்த மார்க்கீசுக்குத் தொப்பியைக் கழற்றினால், இளைய கிளைக்கு மூத்த கிளை கப்பம் கட்டினதாகிவிடும். லன்பிராங்கோ கடைசிக் கல்லில் நின்று வாளை ஆட்டினார். தெபால்தோ தம் வளைவுக்குப் போகவேண்டுமென்றால் முதலில் லன்பிராங்கோவின் வளைவுக்குத் தொப்பியைக் கழற்ற வேண்டும். சற்று முன்பு கன்னத்தில் விழுந்தது லன்பிராங்கோவின் கை என்பது நினைவுக்கு வந்ததால், அவரும் கரையிலேயே நின்றார். வேலைக்காரர்களையாவது அனுப்பலாம் என்று நோட்டரி சொன்னார். யாருடைய வேலைக்காரன் முதலில் போவது என்று விவாதம் தொடங்கியது.

உச்சிக்கல்லுக்கு வந்ததும் மொரெல்லோ நின்றான்.

"என்னய்யா, நட!" என்றாள் அலாசியா.

"இருடி. துரோகின்னு பேரு வேண்டாம்." தொப்பியைத் தலையில் போட்டான். அழுத்திச் சரிசெய்தான். பிறகு கழற்றி, காலிக் கல்லைப் பார்த்துத் தரைவரை குனிந்தான். மறுபடி போட்டான். மறுபடி கழற்றினான். "இது போன தடவை பாக்கி" என்றான். கரையிலிருந்து தெபால்தோ அதைப் பார்த்தார். முகத்தில் தம்மை அறியாமல் ஒரு திருப்தி பரவியது.

அக்கரையில் காலை வைத்துவிட்டால் அது வேறு மண். அங்கே நகரசபை உண்டு, வரி உண்டு, திருடனும் உண்டு. ஆனால் ஒரு மனுஷன் ஒரு நாளைக்கு ஒரு தடவை தொப்பியைக் கழற்றினால் போதும், அதுவும் படுக்கப் போகும்போது. மொரெல்லோ புல்லில் சரிந்து உட்கார்ந்து இருமினான். அலாசியா உட்காரவில்லை. கூடையை இறக்கி, சட்டையை விலக்கி, பன்றிப் பல் வைத்த வாரை எடுத்து ஆற்றுக்கு அப்பால் நின்றவர்களுக்கு உயர்த்திக் காட்டினாள்.

"எசமான்மாரே! போறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. திருடிட்டுப் போனேன்னு நாளைக்குப் பேசக் கூடாது. இது உங்க கோபுரத்துல கிடந்தது. என் தம்பி குவாரினோ. நீங்க ஜெனோவாவுக்கு அனுப்பிவச்சீங்களே, அவன்தான். இவனோட இன்னும் நாலஞ்சு பேரு இருக்காங்க. சொல்லுங்க, இதெல்லாம் யாரு பங்கு?"

ஒரு வைக்கோல் துரும்புக்கும் உரிமை கொண்டாடுகிற அந்தக் கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

"என்னுது கதவு மட்டும்தான்" என்றார் ரைனேரியோ.

"பூட்டு. பூட்ட விட்டா எனக்கு அங்க ஒண்ணுமில்ல" என்றார் லன்பிராங்கோ.

"எனக்குக் கூரை. மேல நடக்கிறதுதான் என் பொறுப்பு" என்றார் தெபால்தோ.

படி ஒருவருடையது. ஜன்னல் ஒருவருடையது. ஏணிக்காரர் கூட்டத்தின் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"அப்ப குழி?" என்று கத்தினாள் அலாசியா. "அந்தக் குழி யாரோடதுன்னு சொல்லுங்கய்யா!"

மார்க்கீசுகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ரைனேரியோ, வயதில் மூத்தவர் என்ற முறையில், தொண்டையைச் சரிசெய்துகொண்டு பதில் சொன்னார். அவர் குரலில் உண்மையாகவே ஒரு பெருந்தன்மை இருந்தது.

"குழியில எங்க யாருக்கும் பங்கு கிடையாதும்மா. அது குடிசனங்களுக்குன்னு ஆதியிலேயே எங்க முன்னோர் விட்டது."

மற்ற எல்லா மார்க்கீசுகளும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அந்த வம்சம் ஒரே குரலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான். நோட்டரி காந்தோல்போ கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்றுகூடச் சொல்கிறார்கள்.

ஆகவே, ஆறு தலைமுறைப் பாகப்பிரிவினையில் மோந்தெஸ்பீனோவின் மார்க்கீசுகள் ஏழைகளை மறந்துவிட்டார்கள் என்று இனி எவரும் வாய்கூசாமல் பேச வேண்டாம். தூக்குமரத்தில் ஒருவனைக்கூட அவர்கள் தொங்கவிட்டதில்லை. மரம் அவர்களுடைய பங்கு. குடிமக்களின் பங்கைத் தனியாக எடுத்துவைத்து, அதற்குக் கதவும் போட்டு, பூட்டும் போட்டு, காவலும் வைத்திருந்தார்கள். அதில்தான் குவாரினோ கிடந்தான்.